வியாழனும் வெள்ளியும் கூரையில் தொங்கும் விளக்குகளா? கார் நிறுத்தத்தின் மேல்தளத்தில் சோதித்துப் பார்க்கலாம்

புளோக்வானம் (தெம்பனிஸ்) | 20 பிப்ரவரி 2026, இரவு 11:14

சீனப் புத்தாண்டு விடுமுறைக்கு மச்சான் குடும்பத்தோடு வந்திருந்தார். பிரியாணி சாப்பிட்டுக் கை கழுவிய ஈரம்கூடக் காயவில்லை, கைப்பேசியை என் முகத்துக்கு நேரே நீட்டிவிட்டார். பூமி தட்டை என்று சொல்லும் காணொளி. பூமியைப் பற்றிச் சொன்னதை நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. கோள்களைப் பற்றிச் சொன்னதுதான் உறுத்தியது. வாரம் ஒரு முறையாவது அவற்றைப் பார்க்கிறவன் நான்.

காணொளிக்காரர் சொல்வது இதுதான். கோள்கள் கல்லும் இல்லை, வாயுவும் இல்லை; கவிழ்த்த கிண்ணம் போன்ற வானத்தில் ஓடும் வெறும் வெளிச்சம். சில ஆயிரம் கிலோமீட்டர் உயரத்தில்தான் இருக்கின்றன. சூம் கேமராவில் பார்த்தால் தண்ணீரில் நெளியும் ஒளிப்பூ மாதிரித் தெரிகிறதே, அதுதான் நிஜ உருவம். விண்வெளி நிறுவனங்கள் காட்டும் படமெல்லாம் கணினியில் வரைந்தது.

என்னிடம் 8 அங்குல டாப்சோனியன் தொலைநோக்கி ஒன்று இருக்கிறது. அதைத் தள்ளுவண்டியில் வைத்து, மின்தூக்கியில் ஏற்றி, அடுக்குமாடிக் கார் நிறுத்தத்தின் மேல்தளத்துக்குக் கொண்டுபோவேன். நம் சிங்கப்பூர் வானத்தின் லட்சணம் உங்களுக்குத் தெரியும். 2016இல் வெளியான ஒளி மாசு வரைபடத்தில் உலகிலேயே முதலிடம் நமக்குத்தான். பால்வீதியெல்லாம் மலேசியாவுக்குப் போனால்தான். ஆனால் கோள்களுக்கு இருட்டு தேவையில்லை. வியாழன் இப்போது தினமும் இரவு தலைக்கு மேலே பளிச்சென்று நிற்கிறது.

மச்சானுக்குப் படம் காட்டிப் பயனில்லை. அவரே வந்து கண்ணால் பார்க்கும்படி சோதனைகள் வேண்டும். பார்ப்பதற்கு முன்பே, தட்டைக் கணக்குப்படி எப்படித் தெரியணும், நம் கணக்குப்படி எப்படித் தெரியணும் என்று இரண்டையும் தாளில் எழுதிக் கையெழுத்துப் போட்டுவிடணும். யோசனை சொல்லுங்கள்.

தேஓ_கொசொங் | 20 பிப்ரவரி, இரவு 11:31

பூமி உருண்டை என்று மச்சானிடம் நிரூபிப்பது சுலபம். நள்ளிரவில் மேல்தளத்தில் அந்தக் குழாயை வைத்துக்கொண்டு நிற்கும்போது அது பீரங்கி இல்லை என்று காவலரிடம் நிரூபிப்பதுதான் கஷ்டம்.

மெர்லயன்87 | 21 பிப்ரவரி, காலை 8:02

இதற்கு எதற்கு இவ்வளவு? வியாழன் உருண்டை, செவ்வாய் உருண்டை, சந்திரன் உருண்டை. அப்படியென்றால் பூமியும் உருண்டை. முடிந்தது.

ஈசூன்_அக்கா | 21 பிப்ரவரி, காலை 10:45

மெர்லயன் தம்பி, கேரம் காய்கள் எல்லாம் வட்டம். அதனால் கேரம் பலகையும் வட்டமா?

தட்டைக்காரர்கள் இதே பதிலைத்தான் சொல்வார்கள், அதில் நியாயமும் இருக்கிறது. இங்கே கேள்வி இரண்டு. கோள்கள் என்ன பொருள், எவ்வளவு தூரம் என்பது ஒன்று. நாம் நிற்கும் தரை என்ன வடிவம் என்பது இன்னொன்று. தொலைநோக்கி முதல் கேள்விக்கு அருமையாகப் பதில் சொல்லும். இரண்டாவதுக்கு அது நேரடியாகப் பதில் சொல்லாது. கலிலியோ 1610 கடைசியில் வெள்ளியின் பிறைகளைப் பார்த்தபோதும், வெள்ளி சூரியனைச் சுற்றுகிறது என்றுதான் தெரிந்தது. பூமியின் வடிவத்தைப் பற்றி அந்தப் பிறை ஒன்றும் சொல்லவில்லை. அது உருண்டை என்று ஆரியபட்டர் 499இலேயே எழுதிவிட்டார்; அவரிடம் தொலைநோக்கி கிடையாது.

இரண்டையும் குழப்பினால் மச்சான் ஜெயித்துவிடுவார், சொல்லிவிட்டேன்.

கேள்விக்குறி (உட்லண்ட்ஸ்) | 21 பிப்ரவரி, இரவு 9:20

அக்கா சொன்னதற்கு நன்றி. நான் அந்த மாதிரிக் காணொளிகள் நிறையப் பார்க்கிறவன். பூமி தட்டை என்று சத்தியம் செய்ய மாட்டேன், ஆனால் உருண்டை என்று பள்ளியில் சொன்னதற்காக மட்டும் நம்பவும் மாட்டேன். கேலி செய்தால் போய்விடுவேன். மூன்று விஷயம்.

ஒன்று, என்னிடமே 83 மடங்கு சூம் உள்ள கேமரா இருக்கிறது. வெள்ளியைப் பிடித்தேன். நிறம் மாறி மாறி நெளிகிறது. நானே எடுத்தது, யாரும் வரையவில்லை.

இரண்டு, உங்கள் வானியல் செயலி "இத்தனை மணிக்கு இந்த நிலா மறையும்" என்று சொல்வதைச் சாட்சியாகக் கொண்டுவராதீர்கள். செயலியை எழுதியவர்களும் அதே கூட்டம்தான்.

மூன்று, கிரகணத்தையும் குருப் பெயர்ச்சியையும் நம் பஞ்சாங்கக்காரர்கள் காலங்காலமாகச் சரியாகக் கணித்தார்கள். அதற்கு விண்கலமும் தேவைப்படவில்லை, உருண்டையும் தேவைப்படவில்லை. முன்கூட்டிச் சொல்ல முடிவதாலேயே உங்கள் கோட்பாடு உண்மை ஆகிவிடாது.

புளோக்வானம் | 21 பிப்ரவரி, இரவு 10:08

வாங்க, உங்களை மாதிரி ஒருவர் இல்லாமல் இந்த இழையே வீண். முதல் விஷயத்துக்கு மட்டும் நான் பதில் சொல்கிறேன், மற்றதை அக்காவிடம் விடுகிறேன்.

இன்றிரவே செய்யலாம். கேமராவை வெள்ளியை விட்டுவிட்டு எதிர்ப் புளோக்கின் தாழ்வார விளக்கு ஒன்றின் மேல் வையுங்கள். எவ்வளவு தூரமோ அவ்வளவு நல்லது. குட்டிப் புள்ளியாகத் தெரியணும். தானியங்கி ஃபோகஸை அணைத்துவிட்டு, கையால் கொஞ்சம் முன்னே பின்னே திருப்புங்கள். புள்ளி விரிந்து வட்டமாகும், வட்டத்துக்குள் அலை ஓடும். ஃபோகஸ் தப்பினால் எந்த வெளிச்சப் புள்ளியும் லென்ஸ் திறப்பின் வடிவத்தைத்தான் காட்டும். உள்ளே ஓடும் அலை, இடையில் உள்ள சூடான காற்று. என் டாப்சோனியனில் இதையே செய்தால் நடுவில் ஓட்டையோடு வடை மாதிரித் தெரியும், ஏனென்றால் குழாயின் வாயில் ஒரு குட்டிக் கண்ணாடி குறுக்கே நிற்கிறது. வெள்ளியும் வடை, தெருவிளக்கும் வடை. இதுதான் நிஜ உருவம் என்றால் வெள்ளிக்கு என் தொலைநோக்கியில் மட்டும் எப்படி ஓட்டை விழுந்தது?

கேள்விக்குறி | 22 பிப்ரவரி, இரவு 12:17

செய்தேன். எதிர்ப் புளோக் 14ஆம் மாடி விளக்கு. நெளிகிறது. வெள்ளி அளவுக்கு இல்லை, ஆனால் நெளிகிறது.

சரி, முதல் விஷயத்தை எடுத்துவிடுங்கள். மற்ற இரண்டும் அப்படியே இருக்கின்றன.

ஈசூன்_அக்கா | 22 பிப்ரவரி, மாலை 4:30

பஞ்சாங்க வாதம் நல்ல வாதம். வியாழன் ராசி மண்டலத்தை ஏறத்தாழ 12 வருடத்தில் சுற்றுகிறது, சனி இருபத்தொன்பதரை வருடத்தில். நீண்ட காலம் பார்த்துக் குறித்துவைத்தால் "எங்கே இருக்கும்" என்பதை வெறும் அட்டவணையால் சொல்லிவிடலாம். ஒத்துக்கொள்கிறேன். அதனால் "எங்கே" என்ற கேள்வியை விடுவோம். "என்ன பொருள்" என்று கேட்போம். விளக்குக்கு நிழல் விழுமா?

வியாழனுக்கு நான்கு பெரிய நிலாக்கள். உள்ளே இருப்பது ஐயோ. (பெயரைப் பார்த்து யாரும் பதறவேண்டாம்.) அது வியாழனுக்கு முன்னால் கடக்கும்போது அதன் நிழல் வியாழன் மேல் விழும். 8 அங்குலத்தில் பேனா முனையால் குத்திய கறுப்புப் புள்ளி மாதிரித் தெளிவாகத் தெரியும். தானே ஒளிரும் தட்டின் மேல் கறுப்பு நிழல் விழாது.

இதைவிட எனக்குப் பிடித்தது இன்னொன்று. ஐயோ வியாழனுக்குப் பின்னால் போய் மறைந்தால், மறுபக்கம் ஓரத்தை ஒட்டி வெளியே வரணும் இல்லையா? இந்த மாதங்களில் அப்படி வராது. ஓரத்திலிருந்து கிட்டத்தட்ட அரை வியாழன் தூரம் தள்ளி, ஒன்றுமே இல்லாத கறுப்பு வானத்தில் மெல்ல முளைக்கும். மூன்று நான்கு நிமிடத்தில் முழு வெளிச்சம் பெறும். அதுவரை அது வியாழனின் நிழலுக்குள் இருந்தது. ஜனவரி 10இல் வியாழன் சூரியனுக்கு நேர் எதிரே இருந்தது. அதற்கு முன்னால் நிழல் மறுபக்கம் விழுந்தது, இப்போது இந்தப் பக்கம் விழுகிறது. சூரிய வெளிச்சம் எந்தப் பக்கத்திலிருந்து வருகிறது என்று அந்தக் குட்டி நிலா காட்டிக்கொடுக்கிறது.

செயலி வேண்டாம் என்கிறீர்களா? வேண்டாம். ஒரு முறை அது முளைக்கும் நேரத்தை நீங்களே குறியுங்கள். பிறகு 42 மணி 28½ நிமிடத்தைக் கூட்டிக்கொண்டே போங்கள். அந்த இடைவெளியையும் நம்பாவிட்டால் இரண்டு மூன்று முறை பார்த்து நீங்களே கண்டுபிடித்துக்கொள்ளலாம். இப்போது வேடிக்கை: வியாழனிடமிருந்து நாம் விலகிக்கொண்டிருப்பதால் ஒவ்வொரு சுற்றுக்கும் பத்துப் பதினைந்து விநாடி தாமதம் சேரும். இந்தத் தாமதத்தை வைத்துத்தான் பாரிஸில் வானியலாளர் ரோமர் 1676இல் ஒளிக்கும் வேகம் உண்டு என்று சொன்னார். பூமியின் சுற்றுப்பாதையைக் குறுக்கே கடக்க 22 நிமிடம் என்று கணக்கு வந்தது, சரியான விடை பதினாறரை நிமிடத்துக்குச் சற்று அதிகம். அன்றைய கடிகாரத்துக்கு அது மோசமில்லை. கோள் சில ஆயிரம் கிலோமீட்டரில் இருந்தால் இந்தத் தாமதம் எங்கிருந்து வரும்?

தேஓ_கொசொங் | 22 பிப்ரவரி, மாலை 5:12

இடையில் ஓர் உள்ளூர்க் கதை. புக்கித் தீமா காட்டில் வண்டு பிடித்தாரே இயற்கையியலாளர் ஆல்ஃபிரட் வாலஸ், 1854இல் நம்ம ஊருக்கு வந்தவர், அவர் இங்கிலாந்து திரும்பிய பிறகு 1870இல் ஒரு தட்டைப் பூமிக்காரரின் 500 பவுண்டு பந்தயத்தை ஏற்றுக்கொண்டார். நேரான ஒரு கால்வாயில், தூரத்தூர அடையாளங்களை ஒரே உயரத்தில் வைத்துத் தொலைநோக்கியால் பார்த்து, நடு அடையாளம் மேலே எழும்பித் தெரிவதைக் காட்டினார். நடுவர் வாலஸ் ஜெயித்தார் என்றார். தோற்றவர் சும்மா இருக்கவில்லை. வருடக்கணக்காக வாலஸைத் திட்டிக் கடிதம் எழுதி, அவதூறு வழக்கில் சிறைக்கும் போனார். பந்தயப் பணம் சட்டப்படி செல்லாது என்று அதையும் வாலஸ் திருப்பிக் கொடுக்கவேண்டி வந்தது.

மச்சானோடு பணம் கட்டாதீர்கள் என்பதற்காகச் சொன்னேன்.

புளோக்வானம் | 1 மார்ச், பிற்பகல் 3:40

நேற்று இரவு மேல்தளத்தில் ஒரு சோதனை முடித்தேன். மச்சானும் வந்தார், ஒரு பாக்கெட் வறுத்த கச்சானோடு (வேர்க்கடலை).

கணக்கு இப்படி. தட்டைப் பூமிப் படத்தில் வியாழன் நம் தலைக்கு மேல் ஒரே உயரத்தில் வட்டமடிக்கிறது. அப்படியென்றால் வானில் உயரே இருக்கும்போது நமக்குப் பக்கம், கீழே இறங்கும்போது தூரம். 60 டிகிரி உயரத்திலிருந்து 20 டிகிரிக்கு வந்தால் தூரம் இரண்டரை மடங்கு ஆகணும், வட்டு அதே அளவு சுருங்கணும். நம் கணக்கில் வியாழன் கோடிக்கணக்கான கிலோமீட்டருக்கு அப்பால். மூன்று மணி நேரத்தில் அளவு மாறவே கூடாது. இதை எழுதி இரண்டு பேரும் கையெழுத்துப் போட்டோம்.

இரவு 11 மணிக்கு வியாழன் 60 டிகிரியில். அதே ஐபீஸ் (கண் வைத்துப் பார்க்கும் லென்ஸ்), அதே கைப்பேசி, காணொளி எடுத்து நடு அகலத்தை எண்ணினோம்: 104 பிக்சல். மறுபடி 2 மணி தாண்டி, 20 டிகிரியில். காற்று கொதிக்கும் எண்ணெய் மாதிரி இருந்தது, ஓரமெல்லாம் மங்கல். நாலைந்து முறை எண்ணினோம். 103. தட்டைக் கணக்குப்படி 41 வந்திருக்கணும்.

மச்சான் ஒன்றும் பேசவில்லை. கச்சான் தீர்ந்துவிட்டது.

இன்னொன்று, நாங்கள் தேடாமலே கிடைத்தது. 11 மணிக்குப் பெரிய சிவப்புப் புள்ளி (வியாழனில் உள்ள ராட்சதப் புயல்) வட்டின் நடுவில் முட்டை மாதிரி இருந்தது. ஒன்றரை மணி நேரத்தில் ஓரத்துப் பக்கம் நகர்ந்து ஒடுங்கியது, பிறகு காணாமலே போனது. தட்டையான வட்டில் ஒட்டிய பொட்டு ஓரத்துக்குப் போனாலும் அதே அகலத்தில்தான் இருக்கும். பந்தின் மேல் இருந்தால்தான் ஒடுங்கும். வியாழன் 10 மணி நேரத்துக்குள் ஒரு சுற்றுச் சுற்றிவிடுவதால் ஒரே ராத்திரியில் இதைப் பார்க்க முடிகிறது.

கேள்விக்குறி | 1 மார்ச், இரவு 8:55

வியாழன் பந்து என்பதை ஏற்கிறேன். ஐயோவையும் பார்த்தேன். வெள்ளிக்கிழமை ஜூரோங் அறிவியல் நிலைய வானாய்வகத்துக்குப் போய் வரிசையில் நின்றேன், நான்கு நிலாவும் தெரிந்தன.

ஆனால் அளவு சோதனையில் ஓட்டை இருக்கிறது. கீழே இறங்கும்போது காற்றின் அடர்த்தி வில்லை மாதிரி வேலை செய்து பெரிதாக்கிக் காட்டலாம் இல்லையா? சுருக்கமும் பெருக்கமும் சமமாகி அளவு மாறாமல் தெரியலாம்.

ஈசூன்_அக்கா | 1 மார்ச், இரவு 9:30

அந்த வில்லை 30 டிகிரியில் சரியாக 2 மடங்கு பெரிதாக்கணும், 20இல் 2.9 மடங்கு, 10இல் ஐந்தே முக்கால் மடங்கு. மழை பெய்து ஓய்ந்த ராத்திரியிலும், புகைமூட்ட மாதத்திலும், இம்மி பிசகாமல். வியாழன் ரொம்பத் தூரத்தில் இருந்தால் என்ன விடை வருமோ, அதே விடையைத் திருப்பித் தருகிற வில்லை. எந்தக் காற்று அப்படிச் செய்யும் என்று முன்கூட்டி ஓர் எண் சொல்லுங்கள், அளந்து பார்ப்போம். எண் சொல்லாத வரை அது சோதிக்கிற விஷயமே இல்லை.

பெர்த்_மாமா (முன்பு அங் மோ கியோ) | 2 மார்ச், காலை 7:10

இவ்வளவு நேரம் கோளைத்தான் பேசியிருக்கிறீர்கள். தரையைப் பற்றி ஒரு சோதனை என்னிடம் இருக்கிறது. வியாழனை விளக்கு என்றே வைத்துக்கொள்ளுங்கள், எனக்குக் கவலையில்லை.

ஒரே நாளில் மூன்று ஊரில், வியாழன் அந்தந்த ஊரில் நேர் வடக்கே உச்சிக்கு வரும்போது, அடிவானத்திலிருந்து எத்தனை டிகிரி என்று அளப்போம். மார்ச் 14 சனிக்கிழமை. சிங்கப்பூரில் இரவு 8:40 வாக்கில், பெர்த்தில் 7:50 வாக்கில். மூன்றாவது ஊருக்கு யாராவது சென்னையில் இருந்தால், அங்கே 7:45. கைப்பேசிச் சாய்வுமானி போதும், ஒரு டிகிரி முன்பின் பரவாயில்லை. வடக்கு தெற்குத் தூரம் சிங்கப்பூரிலிருந்து பெர்த்துக்கு சுமார் 3,700 கிலோமீட்டர், சென்னைக்கு சுமார் 1,300. வட துருவத்தை நடுவில் வைத்து வரையும் தட்டைப் படத்திலும் வடக்கு தெற்குத் தூரங்கள் இவைதான், அதனால் யாருக்கும் பாரபட்சம் இல்லை.

கேள்விக்குறி | 2 மார்ச், காலை 7:48

சென்னையில் என் தம்பி இருக்கிறான். அவனையே அளக்கச் சொல்கிறேன். உங்கள் ஆள் வேண்டாம்.

பெர்த்_மாமா | 14 மார்ச், இரவு 8:20

பெர்த்: 35 டிகிரி. மூன்று முறை, 35, 35, 36.

புளோக்வானம் | 14 மார்ச், இரவு 9:02

தெம்பனிஸ்: 69. நடுவில் மேகம் வந்து பயமுறுத்தியது.

கேள்விக்குறி | 14 மார்ச், இரவு 11:36

சென்னை: 80. மறுபடி அளக்கச் சொன்னேன். மறுபடியும் 80 என்றான். மூன்றாவது முறை கேட்டபோது திட்டிவிட்டு வைத்துவிட்டான்.

ஈசூன்_அக்கா | 15 மார்ச், காலை 9:15

முதலில் தட்டையாகவே போடுவோம். பெர்த் 35, தெம்பனிஸ் 69, இடைவெளி 3,700 கிலோமீட்டர். பத்தாம் வகுப்பு முக்கோணவியல்தான்: விளக்கு நமக்கு வடக்கே சுமார் 1,360 கிலோமீட்டரில், 3,540 கிலோமீட்டர் உயரத்தில் தொங்கணும். சென்னை நமக்கு வடக்கே 1,300. அப்படியென்றால் சென்னையில் விளக்கு கிட்டத்தட்ட உச்சந்தலைக்கு மேல், 89 டிகிரியில் இருக்கணும். தம்பி அளந்தது 80. கையை நீட்டி முஷ்டியை மடக்கிப் பாருங்கள், அந்த அகலம் சுமார் 10 டிகிரி. பிழை ஏறக்குறைய அவ்வளவு பெரிது. சாய்வுமானி அவ்வளவு தவறாது.

இனி உருண்டை. பெர்த்துக்கும் நமக்கும் அட்சரேகை வித்தியாசம் 33 டிகிரி, அளந்த கோணங்களின் வித்தியாசம் 34. நமக்கும் சென்னைக்கும் 12 டிகிரி, அளந்தது 11. முக்கோணவியலே தேவைப்படவில்லை, கழித்தல் போதும். தரை வளைந்து, வியாழன் ரொம்பத் தூரத்தில் இருந்தால்தான் டிகிரிக்கு டிகிரி இப்படி ஒத்துப்போகும்.

கேள்விக்குறி | 15 மார்ச், இரவு 10:04

நானும் தனியாகப் போட்டுப் பார்த்தேன். 89தான் வருகிறது. விளக்கைக் கொஞ்சம் மேலே, கொஞ்சம் கீழே, வடக்கே தள்ளி எல்லாம் வைத்துப் பார்த்தேன். இரண்டு ஊருக்குச் சரிசெய்தால் மூன்றாவது ஊர் கெட்டுப்போகிறது. ஒரு நாள் அளவை வைத்து முடிவு சொல்ல மாட்டேன். வேறொரு நட்சத்திரத்தை வைத்து மறுபடியும் செய்யணும், இந்த முறை நான்கு ஊர். தம்பியைச் சமாதானப்படுத்த ஒரு வாரம் கொடுங்கள்.

புளோக்வானம் | 16 மார்ச், இரவு 7:50

நான்கு ஊர் தாராளமாகச் செய்யலாம். ஆள் கிடைத்ததும் இங்கேயே தேதி போடுகிறேன்.

மச்சானுக்கு இன்னும் வெள்ளிக் கோள் சோதனை பாக்கி. இப்போது மாலையில் மேற்கே தாழ்வாக, கிட்டத்தட்ட முழு வட்டமாக, சின்னதாக இருக்கிறது. ஆகஸ்ட் நடுவில் பாதியாகும். அக்டோபர் தொடக்கத்தில் மெல்லிய பிறை, அளவு மட்டும் இப்போதைவிட நாலைந்து மடங்கு பெரிது. அக்டோபர் 24 வாக்கில் சூரியனுக்கும் நமக்கும் நடுவில் போய்விடும். இதை ஒரு தாளில் எழுதிக் கையெழுத்துப் போட்டேன். அதன் கீழே மச்சான் தன் கையெழுத்தில் "வெள்ளி எப்போதும் முழு வட்டம்" என்று எழுதியிருக்கிறார். தாள் எங்கள் வீட்டுக் குளிர்பெட்டிக் கதவில், பள்ளி விடுமுறை அட்டவணைக்குப் பக்கத்தில் ஒட்டியிருக்கிறது.